மூன்றாம் பீடர்

பின்னேரம் ஐந்தரைக்கு
இந்த ஊரின் கரண்டை நிறுத்துகிற விரல்
என்னுடையது.
அட்டவணை கொழும்பிலிருந்து வரும்.
ஏச்சு அக்கரைப்பற்றிலிருந்தே வரும்.
தண்ணீர் மோட்டர், ஐஸ் பெட்டி, தையல் மெசின்,
சோதனைக்குப் படிக்கும் பிள்ளையின் மின்குமிழ்
எல்லாம் மூன்றாம் பீடரில்.
என் வீட்டு மீன்தொட்டியும் அதில்தான்.

மூன்றடிக் கண்ணாடி. ஏழு சிக்லிட்டுகள்.
கல்முனைக் கடையில் வாங்கி,
காற்றில் உப்பிய பொலித்தீன் பையில்
மோட்டார் சைக்கிள் டாங்கியோடு அணைத்து,
நிந்தவூர் தாண்டும்வரை மூச்சுவிடாமல் வந்தேன்.
ஆபிரிக்க ஏரியொன்றின் வம்சம்;
பிறந்ததென்னவோ யாருடையவோ சீமெந்துத் தொட்டியில்.
அதுகளுக்குக் கடினத் தண்ணீர் வேண்டும்.
முகத்துவாரத்தில் பொறுக்கிய மட்டிச் சிப்பிகளை
உரலில் நொறுக்கி வடிகட்டிக்குள் போட்டேன்.
உரலுக்காக ஒரு வாரம் பேச்சில்லை வீட்டில்.

கருங்கற்களுக்கிடையில் எல்லை பிரித்து,
தாண்டி வந்தவனின் செட்டையைக் கிழித்து,
அடுத்த நாள் எல்லையையே மாற்றிவைக்கும் நீலனுக்கு
ஜீ.எஸ். என்று பெயர் வைத்தாள் ஹம்தா.
காணிக் கடதாசியோடு
வாப்பாவும் உம்மாவும் அலைவதைப் பார்த்து வளர்கிற பிள்ளை.

சாகாமத்துக் குளத்துத் திலாப்பியாவைச்
செதில் உரித்தபடி பளீலா கேட்டாள்:
"இதுவும் உங்கட தொட்டி ஆக்கள்ற சொந்தம்தானே?"
ஒரே குடும்பம்தான் என்றேன்.
"அப்ப இண்டைக்குச் சோறு வேணாமாக்கும்."
இரண்டு தரம் போட்டுத் தின்றேன்.

மஞ்சள்காரி வாயை மூடியது ஒரு செவ்வாய்க்கிழமை.
தீன் தூவினேன். ஆறு பேர் மேலே வந்தார்கள்.
அவள் வரவில்லை.
தாடை கீழே உப்பியிருந்தது;
உள்ளே முட்டைகள்,
எத்தனை என்று அவளுக்கே தெரியுமோ என்னவோ.
மூன்று கிழமை மெல்லக் கூடாது, விழுங்கக் கூடாது.
நோன்பென்றாலும் மஃரிபுக்குத் திறக்கலாம்.
இது வேறு.

பயந்தால் விழுங்கிவிடுவாள்.
மூச்சு முட்டினாலும்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால்
வீடு இருட்டாக இருக்கும்; அது என் வேலை.
காற்றுப் பம்பியின் முணுமுணுப்பு இல்லாத இடத்தில்
ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து
பேணியால் தண்ணீர் அள்ளி
ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவேன்.
அள்ளி, ஊற்றி.
டோர்ச்சைக் கன்னத்தில் இடுக்கிக்கொண்டு
அவள் செவுள் திறப்பதை எண்ணி,
எண்ணிக்கை தப்பி, முதலிலிருந்து எண்ணி.
ஐந்தரைக்குப் பறித்த காற்றை
எட்டு மணிக்குப் பேணி பேணியாகத்
திருப்பிக் கட்டுகிறேன்.
வட்டிக்கே காணாது.

வெளியே யாரோ கத்துகிறான்:
"கரண்டைத் திண்ட ஹறாங்குட்டிகள்!"
கை வலிக்கிறது. ஊற்றுகிறேன்.

பதினேழாம் நாள்
ஐந்தரைக்கு விரல் போகவில்லை.
ஐந்து முப்பத்தொன்று.
முப்பத்திரண்டு.
நாலு நிமிடம் நின்றேன்.
நாலு நிமிடக் காற்று ஒரு மீனுக்கு என்ன செய்யும்?
எனக்குத் தெரியாது.
எங்கோ ஒருத்தி ஒரு சட்டைக் கையைப் பொருத்தி முடித்திருக்கலாம்.
ஒரு பிள்ளை இழுப்புக்கான மருந்துப் புகையை
முழுதாய் உள்ளிழுத்திருக்கலாம்.
நாலாம் பீடர்க்காரருக்கு அந்த நாலு நிமிடம்
எங்கேயாவது குறைந்துமிருக்கும்.
இதையெல்லாம் நான் அப்போது நினைக்கவில்லை.
மஞ்சளை மட்டும்தான் நினைத்தேன்.

ஏட்டில் ஐந்தரை என்றே எழுதினேன்.
சுவர் மணிக்கூட்டையும் என் எழுத்தையும்
மாறி மாறிப் பார்த்தான் தவநேசன்.
ஒன்றும் சொல்லவில்லை.
பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி நீட்டும்போது,
குரலைத் தாழ்த்தி,
"இன்னும் துப்பயில்லியா?" என்றான்.

இல்லை என்றேன்.